பனிமேல் சறுக்கும் கட்டைகள்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுச் சீமைக்குச் செல்லும் பாதையில் அமைந்த எல்லையூர் கோபாலபுரம். இவ்வூரின் சுற்றுப்புறத்துத் தோப்புகளில் சிறுவர்கள் ஆடும் ஒரு விளையாட்டை அறியாதார் இல்லை. உதிர்ந்த கமுகு மட்டையின்மேல் ஒருவன் உட்காருவான். மற்றொருவன் மட்டையின் நுனியைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடுவான். மட்டை அகலமாக இருப்பதால் மணலில் புதைவதில்லை. தரையைத் தொடும் புறம் வழுவழுப்பாக இருப்பதால் எளிதில் வழுக்குகின்றது. முன்முனை மேல்நோக்கி வளைந்திருப்பதால் கல்லிலும் வேரிலும் முட்டி நிற்பதில்லை. வடநாட்டுப் பனிமலைகளில் ஸ்கீ எனப்படும் பனிச்சறுக்குக் கட்டையின் இலக்கணமும் ஏறத்தாழ இதுவேயாகும். ஆயினும் கமுகு மட்டை பழுதுபட்டால் விளையாட்டுத்தான் நிற்கும். பனிச்சறுக்குக் கட்டையும், அதைக் காலுடன் பிணைக்கும் கருவியும் பழுதுபட்டாலோ காலெலும்பு முறியும். சில வேளைகளில் உயிருக்கே கேடு நேரும்.

இக்காலத்தில் தென்னாட்டிலிருந்து மாணவர் குழுக்கள் காஷ்மீரத்துக்கும் இமாசலத்துக்கும் குளிர்காலப் பயிற்சிக்குச் செல்கின்றன. அவ்விடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் கருவிகளை நம்பியே பெரும்பாலோர் சறுக்கக் கற்கின்றனர். குழுவை அழைத்துச் செல்லும் ஆசிரியரும், பனிப்பிரதேசப் பணிக்கு அனுப்பப்படும் களப்பணியாளரும் கருவியின் நன்மை தீமைகளைத் தாமே சோதித்து அறியத் தெரிந்திருத்தல் அவசியம். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே உயரம், இரு வேறு மலைகள்

இடுக்கி மாவட்டத்தின் ஆனைமுடி கடல் மட்டத்துக்கு மேல் 2,695 மீட்டர் உயரமுள்ளது. இந்தியாவின் பனிச்சறுக்குத் தலங்களுள் தலையாயதான காஷ்மீரத்துக் குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதாவது, நம் ஆனைமுடியின் சிகரம் குல்மார்க்கின் புல்வெளியைவிடச் சற்றே உயர்ந்தது. அங்கே ஆளுயரத்துக்குப் பனி குவிய, இங்கே ஒரு பிடிப் பனியும் விழாதது ஏன் என்று மாணவர் கேட்பது இயல்பு.

விடையைச் சிறு கணக்கினால் காட்டலாம். காற்றில் ஆயிரம் மீட்டர் மேலே செல்லுந்தோறும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறைகின்றது. ஜனவரி மாதத்தில் பாலக்காட்டுச் சமவெளியின் சராசரி வெப்பநிலையை 27 டிகிரி சென்டிகிரேட் எனக் கொண்டால், ஆனைமுடியின் உச்சியில் அது 10 டிகிரி அளவில் நிற்கும். ஸ்ரீநகரோ 1,585 மீட்டர் உயரத்திலேயே ஜனவரியில் சராசரி 2 அல்லது 3 டிகிரிக்கு வந்துவிடுகின்றது; அதற்கு மேல் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் ஏறினால் குல்மார்க்கில் சுழியத்துக்குக் கீழே 4 டிகிரி என்று கணக்கு வருகின்றது. ஆனைமுடி 10 டிகிரி அட்சரேகையிலும், குல்மார்க் 34 டிகிரி அட்சரேகையிலும் உள்ளன. ஜனவரி நண்பகலில் முன்னதில் சூரியன் 60 டிகிரி உயரத்தில் காய்கின்றது. பின்னதில் 36 டிகிரிக்கு மேல் எழுவதில்லை. இதனோடு, குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுக் குழப்பங்கள் காஷ்மீரத்துக்கு ஈரத்தைக் கொண்டுவருகின்றன. நமக்கோ வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வறண்ட வானமே வாய்க்கின்றது.

மூணாற்றில் ஜனவரி விடியற்காலையில் புல்லின்மேல் வெண்மையாகப் படிவது உறைபனி. தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டுச் சுழியத்துக்குக் கீழே குளிர்வதால், காற்றிலுள்ள நீராவி புல்லின்மேலேயே படிகமாகின்றது. தேயிலைக் கொழுந்தைக் கருக்க இது போதும், சறுக்குவதற்குப் போதாது. மேகத்தினுள்ளே படிகமாக உருவாகி இறங்கும் வெண்பனியே பனிச்சறுக்குக்கு உரியது.

கட்டை ஏன் வழுக்குகின்றது?

உடை, உணவு முதலியவற்றுடன் 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரைக் கருதுவோம். அவர் நடக்கும்போது ஒரு பாதத்தின் 250 சதுர சென்டிமீட்டர் பரப்பில் முழு எடையும் தாங்குகின்றது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 280 கிராம் பாரம் இறங்குவதால், புதுப் பனியில் அவர் முழங்கால்வரை புதைகின்றார். 165 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரு கட்டைகளின்மேல் அவரே நிற்பாராயின், பாரம் சதுர சென்டிமீட்டருக்கு 27 கிராம் அளவே. சேற்று வயலில் பரம்புப் பலகையின்மேல் நிற்கும் உழவர் புதையாதது இக்காரணத்தாலேயே.

புதையாமைக்குக் காரணம் எளிது. வழுக்குவதற்குக் காரணம் அவ்வளவு எளிதன்று. பல பாடப்புத்தகங்கள், பாரத்தின் அழுத்தத்தால் பனி உருகி நீராகின்றது என்று எழுதிவிடுகின்றன. இது பிழை. பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரு டிகிரி குறைப்பதற்கு ஏறத்தாழ 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். மேற்கண்ட 27 கிராம் என்பது ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்குதான். அது உருகுநிலையை ஒரு டிகிரியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கே குறைக்கும். பனித்துகள்களின் முனைகளில் மட்டும் கட்டை தொடுவதால் உண்மையான அழுத்தம் இதைவிட அதிகம் என்று கொண்டாலும், கடுங்குளிரில் சறுக்க முடிவதை இந்த விளக்கம் தாங்காது.

கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி பௌடன், ஹியூஸ் என்பாருடன் சேர்ந்து ஸ்விட்ஸர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் மலை ஆராய்ச்சி நிலையத்தில் செய்த பரிசோதனைகளின் முடிவை 1939இல் வெளியிட்டார். உராய்வினால் பிறக்கும் வெப்பமே தொடுமுனைகளில் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகின்றது என்பது அவர் கண்ட முடிவு. வெப்பத்தை விரைந்து கடத்தும் உலோகப் பரப்பு, வெப்பம் கடத்தாத பரப்பைக் காட்டிலும் அதிக உராய்வு காட்டியதை அவர் இதற்குச் சான்றாகக் கொண்டார். நாமும் கணக்கிட்டுப் பார்க்கலாம். உராய்வெண் 0.05 எனவும் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் எனவும் கொண்டால், 70 கிலோகிராம் எடையுள்ளவரின் கட்டைகளின் அடியில் ஏறக்குறைய 340 வாட் வெப்பம் பிறக்கின்றது. மூன்று நூறு வாட் விளக்குகள் எரிவதற்குச் சமமான இந்த வெப்பம் மிகச் சிறிய தொடுமுனைகளில் குவிகின்றது. இதனோடு, பனிக்கட்டியின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் உட்புறத்தில் உள்ளவைபோல் இறுகப் பிணைந்திருப்பதில்லை. உருகுநிலைக்குக் கீழேயும் அவை நீரைப்போல் நெகிழ்ந்திருக்கின்றன. 1850இல் ஃபாரடே ஊகித்த இக்கருத்து பிற்காலத்தில் உறுதிப்பட்டது. இவ்விரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது பற்றி ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர்.

களப்பணியாளருக்கு இதில் நடைமுறைப் பயன் உண்டு. பனி மிகக் குளிர்ந்திருந்தால் நீர்ப்படலம் உண்டாவதில்லை. கட்டை மணலில் இழுப்பதுபோல் நின்றுவிடும். துருவப் பிரயாணிகள் பலர் இதை அனுபவித்தனர். மாறாக, வசந்த காலத்துப் பனி நீர் கோத்திருந்தால் படலம் தடித்து, கட்டையை உறிஞ்சிப் பிடிக்கும். நனைந்த இரு கண்ணாடிச் சில்லுகளை ஒட்டவைத்துப் பிரிக்க முயன்றால் இவ்வுறிஞ்சலை வகுப்பறையிலேயே உணரலாம். ஆகவே ஒரே மெழுகு எல்லாப் பனிக்கும் பொருந்தாது. கடுங்குளிரில் பனிப்படிகங்களின் கூர்முனைகள் ஊடுருவாத கடின மெழுகும், ஈரப்பனிக்கு நீரை விலக்கும் மென்மெழுகும் வேண்டும். சேம்பிலையில் தண்ணீர் முத்தாகத் திரள்வதற்கு இலையின் மெழுகுப் பூச்சும் அதன் நுண்ணிய மேடுபள்ளங்களும் காரணம். கட்டையின் அடிப்புறத்தில் மெழுகு பூசுவதும் நுண்கோடுகள் கீறுவதும் அதே தந்திரந்தான்.

கட்டையின் அமைப்பு

பனிச்சறுக்கு பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது. பனிநாட்டு மக்களுக்கு அது விளையாட்டாகத் தொடங்கவில்லை. வேட்டைக்கும் பிரயாணத்துக்கும் உரிய வழியாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹைம் என்பவர் குதிகாலையும் சுற்றிப் பிணைக்கும் முறையையும், நடுவில் இடை சிறுத்த கட்டையையும் பரப்பினார். 1888இல் நான்சென் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தது கட்டைகளின்மேல்தான். அக்காலத்துக் கட்டைகள் மரத்தாலானவை. 1950ஐ ஒட்டி அமெரிக்காவில் ஹோவர்ட் ஹெட் அலுமினியத் தகடுகளுக்கு இடையே மரத்தை ஒட்டி விற்பனைக்குக் கொணர்ந்த பிறகு மரக்கட்டையின் காலம் முடியத் தொடங்கியது. இன்றைய கட்டையில் நடுவே மரமும், மேலும் கீழும் கண்ணாடியிழை அல்லது உலோகத் தகடும், அடியில் பாலிஎதிலீன் பரப்பும், இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பும் உள்ளன.

இடை சிறுத்த வடிவம் அழகுக்காக அன்று. கட்டையை ஒரு பக்கம் சாய்த்து மிதித்தால், அகன்ற இரு முனைகளும் பனியில் ஊன்ற, சிறுத்த நடுப்பகுதி கீழே வளைந்து, விளிம்பு முழுவதும் ஒரு வட்டத்தின் வில்லாகின்றது. அவ்வில்லின் வழியே கட்டை தானே திரும்புகின்றது. மற்றொன்று: கட்டையைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி சற்றே மேலெழும்பி நிற்கும். ஏறி நின்றதும் அது தட்டையாகி, பாரத்தை முனைகள்வரை பரப்புகின்றது. வில்வண்டியின் வில்லைப் போன்ற இந்த எழுச்சி செத்துப்போன கட்டை உயிரற்றதாகும். ஆழ்ந்த புதுப்பனிக்கு உரிய கட்டைகளில் மட்டும் முனைகள் வேண்டுமென்றே மிகையாக மேல்வளைக்கப்பட்டிருக்கும்.

தேர்வு செய்யும் முறை

புதிதாகக் கற்பவர்கள் கட்டையை முதலிலும் பூட்ஸைக் கடைசியிலும் தேர்கின்றனர். இது தலைகீழான வழக்கம். காலின் கட்டளையைக் கட்டைக்குக் கொண்டுசெல்வது பூட்ஸ்தான். அது தளர்ந்திருந்தால் எவ்வளவு உயர்ந்த கட்டையும் பயனற்றது. கடைக்காரர் கேட்கும் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் கூறும் எண். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று பெருவிரல் நுனிவரை அளந்தால் அது கிடைக்கும். பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெறும் ஓட்டினுள் பாதத்தை வைத்து, விரல்களை முன்புறம் தொடுமாறு தள்ளினால், குதிகாலுக்குப் பின்னே ஒன்று முதல் இரண்டு விரல்தடிமன் இடம் இருக்கவேண்டும். மூன்று விரல் நுழைந்தால் அது பெரியது. பின்னர் உள்ளுறையுடன் அணிந்து, முழங்காலை முன்னே மடக்கிப் பார்க்கும்போது குதிகால் மேலெழும்பக் கூடாது. நேரே நிற்கையில் விரல் இலேசாக முட்டுவதும், முன்னே சாய்ந்ததும் விடுபடுவதுமே சரியான பொருத்தம். காலுறை ஒன்றே போதும். அது கம்பளியாகவும் மெல்லியதாகவும் இருக்கட்டும். குளிருக்கு அஞ்சி இரண்டு மூன்று காலுறை அணிபவருக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு, பாதம் முன்னிலும் அதிகமாகக் குளிரும்.

கட்டையின் நீளம் கற்பவருக்கு மோவாய் அளவும், தேர்ந்தவருக்கு நெற்றி அளவும் இருத்தல் பொதுவிதி. எடை மிகுந்தவர் சற்று நீண்டதைக் கொள்ளலாம். செப்பனிட்ட சரிவில் மட்டும் சறுக்குவோர்க்கு இடை 70 முதல் 80 மில்லிமீட்டர் உள்ளது ஏற்றது. குல்மார்க்கின் மேற்சரிவுகளில் உள்ளதுபோன்ற ஆழ்பனியில் 100 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதை விரும்புவர். கற்கும் மாணவரைக் கடைக்காரர் அகன்ற கட்டையில் ஏற்றிவிட்டால் மறுத்துவிடுக. கெட்டிப்பனியில் அதை ஓரம் சாய்த்துத் திருப்புவது கடினம்.

வாடகைக் கட்டையைச் சோதிப்பதற்குப் பத்து நிமிடம் செலவிடுவது வீண்போகாது. இரண்டையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் நடுவே இடைவெளி சீராக இருக்கவேண்டும். இறுக்கி விட்டால் மீளவேண்டும். தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் நுனியிலிருந்து ஒரு கண்ணால் நோக்கினால் முறுக்கு தெரியும். பக்கவாட்டில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என நகத்தால் நெருடிப் பார்க்கவேண்டும். பிரிந்த இடத்தில் நீர் புகுந்து உறைந்தால் பிளவு விரியும். விளிம்பின்மேல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் மெல்லிய தூள் சுரண்டி வரவேண்டும். வராவிடில் விளிம்பு மழுங்கியுள்ளது. மழுங்கிய விளிம்புடன் கெட்டிப்பனியில் நிறுத்த முடியாது.

உயிர்நிலை: பிணைப்புக் கருவி

பூட்ஸைக் கட்டையுடன் பிணைக்கும் கருவிக்கு இரு முரணான கடமைகள் உள்ளன. சறுக்கும்போது விடக் கூடாது. விழும்போது விட்டே தீரவேண்டும். பழங்காலத்துப் பிணைப்புகள் விடுவதில்லை. விழுந்தவரின் நீண்ட கட்டை நெம்புகோலாகிக் கணைக்காலெலும்பைத் திருகி முறித்துவிடும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யால்மர் ஹ்வாம் என்னும் வீரர் இவ்வாறு கால் முறிந்து படுத்திருந்த காலத்தில் தானே விடுபடும் பிணைப்பைச் சிந்தித்து, 1930களின் இறுதியில் செய்து முடித்தார். இன்றைய கருவிகள் அதன் வழித்தோன்றல்கள்.

இக்கருவியின் முன்தலையிலும் பின்தலையிலும் சிறு சாளரத்தில் ஓர் எண் காணப்படும். வில்லின் இறுக்கத்தைக் காட்டும் அந்த எண், அணிபவரின் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடியின் நீளம் ஆகிய ஐந்தையும் கொண்டு சர்வதேச அட்டவணைப்படி நிர்ணயிக்கப்படுவது. காலை 80 கிலோகிராம் எடையுள்ளவர் உபயோகித்த கட்டையை மாலையில் 40 கிலோகிராம் எடையுள்ள மாணவிக்கு மாற்றாமல் கொடுத்தால், அவள் விழும்போது பிணைப்பு விடாது. நெருக்கடி நாட்களில் இத்தவறு நேர்வதற்கு இடமுண்டு. ஆதலின் ஆசிரியர் ஒவ்வொரு மாணவரின் விவரத்தையும் தாளில் எழுதிக் கொடுத்து, தம் கண்முன்னே எண் திருத்தப்படுவதைக் காணவேண்டும். தற்பெருமையால் திறமையைக் கூட்டிச் சொல்லும் இளைஞரை இவ்விடத்தில் கண்டிக்கத் தயங்க வேண்டாம். எண்ணைத் தாமே திருகி மாற்றுவதும் தகாது. அட்டவணை தெரிந்த தொழிலாளரே செய்யவேண்டும்.

நடப்பதற்கு வசதியாக ரப்பர் அடி பொருத்திய பூட்ஸ்கள் இப்போது வருகின்றன. அவை பழைய பிணைப்புகளுக்குப் பொருந்தா. மேலோட்டமாகப் பூட்டிக்கொண்டாலும் விடவேண்டிய நேரத்தில் ரப்பர் பற்றிக்கொள்ளும். அதேபோல், பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்ட பின்னரே பிணைப்பில் கால்வைக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் பனி அத்தனை கணக்கையும் பொய்யாக்கிவிடும்.

குல்மார்க்குப் பிரயாணம்

குல்மார்க்கில் 1927இலேயே ஆங்கிலேயர் பனிச்சறுக்குக் கழகம் அமைத்தனர். சுதந்திரத்துக்குப் பின் 1948இல் இராணுவம் அங்குப் பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கியது; 1962இல் அது உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி என்னும் பெயர் பெற்றது. பொதுமக்களுக்கென மத்திய அரசின் சுற்றுலாத் துறையைச் சேர்ந்த இந்தியப் பனிச்சறுக்கு மலையேற்றப் பயிற்சி நிலையம் 1960களின் இறுதியில் உருவாயிற்று. ஒலிம்பிக் குளிர்கால விளையாட்டில் இந்தியாவின் சார்பில் முதன்முதல் கலந்துகொண்டவர் 1964இல் இன்ஸ்ப்ரூக்கில் சறுக்கிய ஜெரெமி புஜகோவ்ஸ்கி. குல்மார்க்கை அடுத்த தங்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2022இல் பெய்ஜிங்கில் 45ஆம் இடம் பெற்றார்.

பருவம் டிசம்பர் இறுதியிலிருந்து மார்ச்சு வரை. பாலக்காடு வழியாகச் செல்லும் ஹிம்சாகர் விரைவு வண்டி கட்ரா வரை செல்வது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் ரயில் ஓடுகின்றது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பனி மிகுந்த நாட்களில் தங்மார்க்குக்கு மேல் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியே செல்லும்.

பருத்தி உடையை ஊரிலேயே விட்டுவிடுக. நீர், காற்றைக் காட்டிலும் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்துவது. வியர்வையில் நனைந்த பருத்தி உடலோடு ஒட்டி வெப்பத்தைப் பறிக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளுடையும், அதன்மேல் காற்றைத் தேக்கும் தடித்த உடையும், வெளியே காற்றும் நீரும் புகாத உடையும் தேவை. புதுப்பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிர்களில் ஐந்தில் நான்கு பங்குவரை திருப்பி வீசுவதால், கண்ணாடியின்றிச் சில மணி நேரம் இருந்தாலே கண் வெந்துவிடும். தலைக்கவசமும் இன்றியமையாதது.

1998இல் கொங்டூரி வரையிலும், 2005இல் அஃபர்வத் மலையின் மேல் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரையிலும் கம்பி ஊர்தி அமைக்கப்பட்டது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் ஐந்தில் மூன்று பங்கே. சமவெளியிலிருந்து வந்த மாணவரை முதல் நாளே அங்கு ஏற்றுவது தவறு. இரண்டு மூன்று நாள் குல்மார்க்கின் கீழ்ச்சரிவுகளிலேயே பழகட்டும்.

பனிச்சரிவு

அஃபர்வத் சரிவுகளின் வரலாற்றில் துயரங்கள் உண்டு. 2010 பிப்ரவரி 8ஆம் நாள் கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த இராணுவத்தினர்மேல் பனி சரிந்து 17 வீரர்கள் மாண்டனர். 2023 பிப்ரவரி 1ஆம் நாள் போலந்து நாட்டார் இருவர் இறந்தனர். 2024 பிப்ரவரியிலும் ஓர் அயல்நாட்டார் உயிரிழந்தார். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் நிகழ்கின்றன. அதற்குக் குறைந்தால் பனி வழுக்குவதில்லை. மிகுந்தால் அடிக்கடி உதிர்ந்து, குவிவதில்லை. சறுக்குபவர் மிகவும் விரும்பும் சரிவும் இதே கோணத்தில் அமைந்திருப்பது இயற்கையின் குரூரம் எனலாம்.

கோணத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பள்ளிப் பாகைமானியின் மையத்தில் நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் நேர்விளிம்பைச் சரிவின்மேல் கிடத்திய ஊன்றுகோலுடன் ஒட்டிப் பிடித்தால், நூல் 90 டிகிரிக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகின்றதோ அதுவே சரிவின் கோணம். இதை மாணவர் பள்ளி மைதானத்திலேயே பழகிக்கொள்ளலாம்.

கனத்த பனிப்பொழிவுக்கும் பலத்த காற்றுக்கும் அடுத்த நாட்கள் மிக அபாயமானவை. 1969இல் மணாலியில் தோன்றிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் 2020இல் பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிலையத்தின் பகுதியாயிற்று. அது வெளியிடும் எச்சரிக்கையைப் புறப்படும் முன் கேட்டறிய வேண்டும். காவற்படையினர் கண்காணிக்கும் எல்லையைத் தாண்டுவோர் ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் தேடுகருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் சுமக்க வேண்டும். புதையுண்டோரில் 10 நிமிடத்துக்குள் மீட்கப்படுவோர் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் மூன்றில் ஒருவரே. கீழிருந்து மீட்புக் குழு வருவதற்குள் அரைமணி கடந்துவிடும். ஆகவே அருகிலுள்ள தோழரே மீட்பர். மாணவர் குழுவைப் பொறுத்தவரை அந்த எல்லையைத் தாண்டாதிருப்பதே ஒரே விதி.

பேணும் முறை

நாள்தோறும் செய்யவேண்டியது எளிது. கட்டைகளைத் துணியால் துடைத்து, விளிம்பில் ஈரமில்லாமல் உலர்த்தி, அடிப்புறங்கள் உராயாதபடி கட்டிவைக்க வேண்டும். ஈரத்துடன் உறையிலிட்டால் ஓரிரவில் துருப்பிடிக்கும். இலேசான துருவை ரப்பர் கலந்த சாணைத் துண்டால் நீக்கலாம். பூட்ஸின் உள்ளுறையை உருவி அறை வெப்பத்தில் உலர்த்துக. கணப்புச்சட்டியின் அருகே வைத்தால் ஓடு நெளியும். காஷ்மீரத்து விடுதிகளில் புகாரி அடுப்பைச் சுற்றிப் பூட்ஸ்களை அடுக்கிவைப்பதைக் கண்டால் தடுக்க வேண்டும்.

அடிப்புறம் காய்ந்து வெளிறத் தொடங்கினால் மெழுகு போதவில்லை என்று பொருள். முதலில் பித்தளைத் தூரிகையால் நுனியிலிருந்து வால்வரை ஒரே திசையில் தேய்த்து அழுக்கை நீக்குவர். பிறகு 120 முதல் 140 டிகிரி வரை சூடேறிய இஸ்திரிப்பெட்டியில் மெழுகுக் கட்டியைத் தொட்டு, சொட்டுச் சொட்டாக இருபுறமும் விட்டு, பெட்டியை நிறுத்தாமல் ஓட்டிப் பரப்புவர். மெழுகு புகைந்தால் சூடு மிகுதி; பெட்டி ஒரே இடத்தில் நின்றால் அடிப்பரப்பு கருகி, மெழுகு உறிஞ்சும் ஆற்றலை இழக்கும். அரைமணி ஆறவிட்டு, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் சுரண்டியால் மேலே நிற்கும் மெழுகு முழுவதையும் வழித்தெடுத்து, தூரிகையால் தேய்த்து முடிக்கவேண்டும். இவ்வளவு சிரமப்பட்டுப் பூசியதை வழிப்பானேன் என்று தோன்றும். பயன் தருவது பரப்பின் நுண்துளைகளில் ஊறிய மெழுகே. மேலே தங்கியது பனித்துகளைப் பற்றி வேகத்தைத் தடுக்கும். வீட்டு உபயோகத்துக்கான இஸ்திரிப்பெட்டியை ஒருமுறை இதற்கு எடுத்தால் பின் சட்டைக்கு ஆகாது. அவசரத்துக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தும் ஒரு மாலைப் பொழுதைச் சமாளிக்கலாம்.

முன்னாளில் பந்தயக்காரர் ஃபுளோரின் சேர்ந்த மெழுகுகளைப் பெரிதும் விரும்பினர். அவை மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குவதாலும், சூடாக்கும்போது எழும் புகை நுரையீரலுக்குத் தீங்கானதாலும், சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24ஆம் பருவம் முதல் பந்தயங்களில் அவற்றை முழுதும் தடைசெய்தது. பழைய கையிருப்பைத் தள்ளுவிலைக்கு யாரேனும் கொடுத்தால் வாங்கற்க.

விளிம்பைக் கூராக்க அரத்தைக் கோணச் சட்டத்தில் பொருத்தி, நுனியிலிருந்து வாலை நோக்கி நீண்ட இழுப்பாக இழுக்கவேண்டும். பக்கவிளிம்பு அடிப்பரப்புடன் 88 அல்லது 89 டிகிரிக் கோணத்தில் நிற்பது வழக்கம். கல்லில் மோதிய இடத்தில் எஃகு இறுகிப்போய் அரத்தையே தின்றுவிடும். அவ்விடத்தை முதலில் வைரத்தூள் கல்லால் தேய்த்துச் சமன்செய்க. அடிப்பரப்பில் விழுந்த பள்ளத்தை பாலிஎதிலீன் குச்சியை உருக்கி நிரப்பி, ஆறியபின் செதுக்கிச் சமமாக்கலாம். மரம் தெரியுமளவு பள்ளம் விழுந்தால் பட்டறைக்கே அனுப்புக.

பருவம் முடிந்ததும் சொந்தக் கட்டைகளைத் தென்னாட்டுக்குக் கொண்டுவருவோர் சிலர் உண்டு. பாலக்காட்டுப் பகுதியின் ஏப்ரல் வெயிலும், அடுத்து வரும் இடவப்பாதி மழையின் ஈரமும் எஃகுக்கும் பசைக்கும் பகை. விளிம்பையும் மூடும்படி மெழுகைத் தடிப்பாகப் பூசி, வழிக்காமல் அப்படியே விட்டு, ஓட்டுக் கூரைக்கு அடியிலோ காரின் பின்பெட்டியிலோ வைக்காமல், வீட்டின் நிழலான உள்ளறையில் சுவரோரமாகச் சாய்த்துவைக்க வேண்டும். பூட்ஸின் கொக்கிகளை இலேசாகப் பூட்டிவைத்தால் ஓடு வடிவம் மாறாது. உள்ளுறையில் எலி கூடுகட்டாதபடி பழந்துணியைத் திணித்துவைப்பதும், அடுத்த டிசம்பரில் எடுக்கும்போது அடுக்குகள் பிரிந்துள்ளனவா என்று நகத்தால் நெருடிப் பார்ப்பதும் மறவாமல் செய்யத்தக்கவை.